கொட்டகைக்குள் விழும் வெயில்

நாகபுரி,
11.06.2023

சித்ரலேகாவுக்கு,

இங்கே நானும் உன் மதினி சங்கரியும் சுகம். அங்கே வண்டியும் நீயும் சுகமா என்று அறியவே இதை எழுதுகிறேன்.

கைப்பேசி இருக்கத் தபால் எதற்கு என்று நீ யோசிக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா இறந்த அன்று, "நாளை மாலைக்குள் வந்துவிடுவேன், காத்திரு" என்று கைப்பேசியில்தான் உன்னிடம் சொன்னேன். நீ காத்திருக்கவில்லை. மகன் நான் இருக்க, கொள்ளியை நீயே வைத்தாய். அதோடு நின்றிருந்தாலும் ஒரு நாள் என் மனம் ஆறியிருக்கும். நின்றவர்களிடம் "அண்ணன் சம்மதித்துவிட்டான்" என்றாய். நான் சொல்லாத சொல்லை என் வாயில் வைத்தாய். பேசியதற்குச் சாட்சி கிடையாது என்பதை அன்று கற்றேன். ஆகவே உன் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. நமக்குள் இனி எழுத்து மட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். சிவசங்கரன் அத்தான் போன மாதம் நம் கொக்கிரகுளம் வீட்டுக்கு வந்தபோது எடுத்த ஒரு படத்தை அனுப்பியிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கொட்டகைக் கதவு திறந்திருக்கிறது. வண்டியின் பானட் மீது கட்டம் கட்டமாக வெயில் விழுந்திருக்கிறது.

வீட்டை உனக்கும் வண்டியை எனக்கும் என்று எழுதிவைத்தார் அப்பா. அம்பாசடர் என்றாலே வெள்ளை என்றிருந்த ஊரில், அரக்குச் சிவப்பில் ஒன்றை ஓட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போன வழக்கறிஞர் நெல்லையப்பன் ஒருவர்தான். சாயங்களின் வேதியியலை முப்பது ஆண்டுகளாகக் கற்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெயில் முதலில் தின்பது சிவப்பைத்தான். கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்கு வெயிலால் கேடு இல்லை என்று நம்புவது படித்தவர்களும் செய்யும் பிழை. வெளியே நிற்கும் வண்டி சீராக மங்கும். உள்ளே நிற்பதோ, தினமும் ஒரே இடத்தில் ஒளி விழுவதால், தேமல் பிடித்ததுபோல் மங்கும்.

எனவே, மேற்குச் சுவரில் காற்றுக்காக அப்பா வைத்த செங்கல் ஜாலியை உள்பக்கம் தட்டி கட்டி மறைக்க வேண்டும். கூரையில் உள்ள கண்ணாடி ஓடுகளுக்கு வெள்ளையடிக்க வேண்டும். வண்டியை நான் 2020இல் ஊருக்கு வந்தபோது என் கையாலேயே மரக்கட்டைகள் மேல் ஏற்றி, பேட்டரியைக் கழற்றி, தரைவரை போர்வை போர்த்திவிட்டு வந்தேன். அந்தப் போர்வை எங்கே போயிற்று? படத்துடன் பதில் எழுது.

இப்படிக்கு,
குமரகுருபரன்


கொக்கிரகுளம்,
02.07.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்தே இரண்டு வருஷமாகிறது. உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். மதினிக்கு முழங்கால் வலி எப்படி? எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்லூரி நூலகத்தில் வேலை எப்போதும்போல் ஓடுகிறது. வண்டியும் சுகம்.

கொம்பையா கொத்தனாரை வரவழைத்து நீங்கள் சொன்னதைச் சொன்னேன். ஓட்டின் மேல் ஏறியவர் அங்கிருந்தே கேட்டார்: "ஏக்கா, வெளிச்சத்துக்குன்னுதான கண்ணாடி ஓட்ட வச்சிருக்கு. அதுல போயி சுண்ணாம்ப அடிக்கச் சொல்லுதியளே, அண்ணாச்சிக்கு அங்கன வெயிலு அதிகமோ?" நாகபுரியில் உங்களுக்குச் சிவப்பைப் பற்றித் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது என்றேன். "அப்பம் சரி. படிச்சவிய சொன்னா ஒரு காரணம் இருக்கும்" என்று அடித்துவிட்டு இறங்கினார். ஜாலிக்குப் பனையோலைத் தட்டி கட்டியாகிவிட்டது. உச்சி வேளையில்கூட உள்ளே அந்தி மாதிரி இருக்கிறது. வெயில் கட்டம் கட்டமாக விழும் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் நான் அதைக் கண்ணால் கண்டேன். இத்தனை வருஷம் அதன் வழியாகத்தான் நடந்திருக்கிறேன்.

மரக்கட்டைகளைக் கறையான் அரித்துவிட்டது. வண்டி இப்போது தரையில்தான் நிற்கிறது. பழைய போர்வை கிழிந்துபோயிற்று.

படங்கள் இணைத்துள்ளேன். மதினியை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை,
சித்ரா


நாகபுரி,
20.07.2023

சித்ரலேகாவுக்கு,

சங்கரியின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. விசாரித்ததற்கு அவள் நன்றி சொல்லச் சொன்னாள்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டி நேர்த்தியாகக் கட்டப்பட்டிருக்கிறது. மேல் விளிம்பில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டிருப்பது காற்றுக்காக என்றால், அதைச் சொன்னவர் பாராட்டுக்குரியவர். நீயே யோசித்துச் செய்திருந்தாலும் அப்படியே.

பானட்டில் சேதம் நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. முப்பது வருஷம் கழித்தும் அந்தச் சிவப்பு ஆழமாக நிற்கிறது. அன்று நான்கு பூச்சு பூசி, ஒவ்வொன்றையும் தேய்த்து, நிழலில் காயவைத்த அந்தப் பெயர் தெரியாத பூச்சுக்காரரை நான் வகுப்பில் உதாரணமாகச் சொல்வதுண்டு. ஸ்டியரிங் வளையத்தின் உச்சியில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெளிறிய தழும்பு தெரிகிறது. ஜாலியின் ஒரு துளை வழியாக வெயில் பல காலம் அதே இடத்தைத் தாக்கியிருக்கிறது. அது இனி ஆறாது. மேலும் பரவாமல் காக்கலாம்.

புதிய போர்வை வேண்டும். கடையில் தொங்கும் பளபளப்பான பிளாஸ்டிக் உறையை வாங்கிவிடாதே. அதற்குள் வண்டி வேர்க்கும், வேர்த்தால் துரு. பழகிய பருத்தித் துணி, இரட்டை மடிப்பு, உள்பக்கம் வெளுத்தது, வெளிப்பக்கம் அடர்நிறம். கட்டைகளைக் கறையான் தின்றதாக எழுதியிருக்கிறாய். நான் வைத்தவை வேங்கை. வேங்கையைக் கறையான் தொடாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நம் வீட்டுக் கறையான் விதிவிலக்குப் போலும்.

இப்படிக்கு,
குமரகுருபரன்


கொக்கிரகுளம்,
19.08.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? ஆற்றில் தண்ணீர் இறங்கிப் பாறை தெரிகிறது. குறுக்குத்துறையில் நடந்தே அக்கரை போகலாம்போல் இருக்கிறது. நானும் வண்டியும் சுகம்.

இடைவெளி காற்றுக்காகத்தான். நான்தான் விடச் சொன்னேன். நீங்கள் அதைக் கண்டுகொண்டதை டெபோரா டீச்சரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். உங்களுக்கு நினைவிருக்கும், நம் பக்கத்து வீடு. பாளையங்கோட்டைப் பள்ளியில் கணக்கு எடுத்தவர். இப்போது அவர் கணவர் தேவதாசன் அண்ணாச்சிக்கு நுரையீரல் சரியில்லை. வீட்டிலேயே ஆக்சிஜன் சிலிண்டர் வைத்து, நாளெல்லாம் மூக்கில் குழாயோடு இருக்கிறார். அப்படி இருந்தும் கேலி போகவில்லை. "இவ அண்ணன் வண்டிக்குப் போர்வ கேக்கான். எனக்கு ஒரு போர்வ தைக்க நாதியில்ல பாத்தியா" என்கிறார் டீச்சரிடம்.

போர்வையை மேலப்பாளையம் அலி அஸ்கர் தைத்தார். அப்பாவின் வேட்டிகளை உள்பக்கத்துக்கும், கறுப்புக் கோட்டுத் துணி மாதிரி ஒன்றை வெளிப்பக்கத்துக்கும் கொடுத்தேன். அளவெடுக்க வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "யக்கா, நா மாப்பிள்ளைக்குத் தச்சிருக்கேன், மய்யித்துக்குத் தச்சிருக்கேன். காருக்கு இப்பதான் தைக்கேன். கண்ணாடிக்கு ரெண்டு கை வச்சிரவா?" என்று கேட்டார். சொன்னபடி பக்கக் கண்ணாடிகளுக்கு இரண்டு சின்னக் கைகள் வைத்திருக்கிறார். போர்த்தினால் அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது.

போன ஞாயிறு சாத்தான்குளத்திலிருந்து கருப்பட்டி வாங்கி வந்தேன். மதினிக்குத் தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் தங்கை,
சித்ரா


நாகபுரி,
03.09.2023

சித்ரலேகாவுக்கு,

கருப்பட்டி வந்தது. சங்கரி மகிழ்ந்தாள்.

போர்வையின் படத்தைப் பார்த்தேன். அந்த இரண்டு கைகள் எந்தத் தொழிற்சாலையும் யோசிக்காதவை. அலி அஸ்கரிடம் என் பாராட்டைச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை சாத்தான்குளத்துக்கு எந்தப் பேருந்தில் போனாய் என்று நான் கேட்கவில்லை. வண்டியின் உட்புறத்தை, ஓட்டுநர் கதவைத் திறந்து நின்று, படமெடுத்து அனுப்பு. தழும்பு பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
குமரகுருபரன்


கொக்கிரகுளம்,
07.10.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தேவதாசன் அண்ணாச்சிக்கு மூச்சுத் திணறி, ஹைகிரவுண்டு மருத்துவமனையில் சில நாள் இருந்தார். டீச்சருக்குத் துணையாகப் போய் வந்தேன். இப்போது வீடு திரும்பிவிட்டார்.

படம் இணைத்துள்ளேன். தழும்பு பரவவில்லை. வண்டி சுகம். நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

சித்ரா


நாகபுரி,
18.10.2023

சித்ரலேகாவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தை இம்முறை கேட்கவில்லை. நீ நலமாகவும் சுறுசுறுப்பாகவும் இருப்பதைப் படமே சொல்கிறது.

ஜூலையில் நீ அனுப்பிய படத்தில் ஸ்டியரிங்கின் தழும்பு வளையத்தின் உச்சியில் இருக்கிறது. இப்போது அனுப்பிய படத்தில் அது வலப்புறம் கீழே, ஓட்டுபவரின் முழங்காலை ஒட்டி இருக்கிறது. நீ எழுதியது உண்மை, தழும்பு பரவவில்லை. இடம் மாறியிருக்கிறது. கொட்டகைக்குள் தூங்கும் வண்டியின் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது.

வண்டி வெளியே போகிறது. வேங்கையைத் தின்ற கறையான், சாத்தான்குளத்துக் கருப்பட்டி, ஹைகிரவுண்டு மருத்துவமனை, எல்லாம் இப்போது எனக்கு ஒரே வரியாகப் படிக்கக் கிடைக்கிறது. தட்டி கட்டியதும், சுண்ணாம்பு அடித்ததும், போர்வை தைத்ததும் பொய்யில்லை என்பதையும் காண்கிறேன். ஒரு பொருளை இவ்வளவு அழகாகப் பேணிக்கொண்டே, அதன் உரிமையாளனை இவ்வளவு அமைதியாக ஏமாற்ற ஒருவருக்குத் தனித்திறமை வேண்டும். அப்பா உன்னைத்தான் சட்டம் படிக்கவைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் முறையாக நீ என் பெயரில் நான் சொல்லாததைச் செய்திருக்கிறாய்.

செய்ய வேண்டியவை: வண்டியை மீண்டும் கட்டைகள் மேல் ஏற்று. மரம் வேண்டாம், கருங்கல் துண்டுகள் வை. பேட்டரியைக் கழற்று. இரண்டு சாவிகளையும் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பு. ஓட்டியது யார் என்று எழுது.

குமரகுருபரன்


கொக்கிரகுளம்,
12.11.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளி வாழ்த்துகள். மதினிக்கும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபப்பட வேண்டிய இடத்திலும் எனக்கு முதலில் வந்தது ஆச்சரியம்தான். அந்தத் தழும்பை நான் தினமும் கையால் தொடுகிறேன். அது என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து நீங்கள் பார்த்துவிட்டீர்கள். சின்ன வயதில் என் தாவணியின் சாயத்தைப் பார்த்தே, அது எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்வீர்களே, அந்தக் கண்.

ஓட்டுவது நான்தான். ஐம்பது வயதில் கற்றேன். வண்ணார்பேட்டையில் ஓட்டுநர் பள்ளி வைத்திருக்கும் மகாராஜன் முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு, "யக்கா, ஒங்க மகளக் கூட்டிட்டு வந்திருக்கியளா?" என்றான். எனக்குத்தான் என்றேன். "அப்பம் ஒண்ணு செய்யுங்க. கிளட்ச மிதிக்கும்போது கோவத்த எல்லாம் அங்கன விட்டுராதீங்க, பைய விடுங்க" என்றான். என் முகத்தில் என்ன கண்டானோ தெரியவில்லை. எட்டு வடிவம் போட்டுக் காட்டி உரிமம் வாங்கிய அன்று, "இந்த வயசுல அம்பாசடர இப்பிடி ஒடிச்சுத் திருப்புதியளே, ஒங்களுக்கு லாரியே குடுக்கலாம்க்கா" என்றான்.

வெயில் ஏறுமுன் எடுத்து, நிழல் பார்த்து நிறுத்தி, வீடு வந்ததும் துடைத்துப் போர்த்துகிறேன். நீங்கள் சொன்ன எதையும் நான் மீறவில்லை, ஒன்றைத் தவிர.

கட்டை மேல் ஏற்றச் சொல்கிறீர்கள். அது மட்டும் என்னால் ஆகாது. காரணம் கேட்காதீர்கள். உங்களிடம் அதைச் சொல்லாமல் இருப்பது உங்களுக்காகத்தான். சாவியையும் இப்போது கேட்காதீர்கள். தேவதாசன் அண்ணாச்சிக்கு அடிக்கடி திணறுகிறது.

உங்கள் தங்கை,
சித்ரா


நாகபுரி,
25.11.2023

சித்ரலேகாவுக்கு,

என் உடல்நலம் பற்றிய கவலை உனக்கு வேண்டாம்.

மகாராஜனை நீ எழுதியிருக்கும் விதத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. சங்கரி உன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, தனக்கும் கற்றுக்கொள்ள ஆசை என்றாள். அது வேறு.

"உங்களுக்காகத்தான்" என்று எழுதியிருக்கிறாய். அப்பாவின் சடலத்தருகே நின்று "அண்ணன் சம்மதித்துவிட்டான்" என்றதும் எனக்காகத்தான் இருக்க வேண்டும். எனக்காக நீ செய்பவை எல்லாம் என்னைக் கேளாமலே நடக்கின்றன.

டிசம்பர் 20ஆம் தேதி சிவசங்கரன் அத்தான் கருங்கல் துண்டுகளோடும் ஒரு மெக்கானிக்கோடும் வருவார். வண்டியை ஏற்றிவிட்டு, பேட்டரியையும் சாவிகளையும் எடுத்துச் செல்வார். கதவைத் திறந்து வை.

குமரகுருபரன்


நாகபுரி,
20.12.2023

சித்ரா,

நீ எப்படி இருக்கிறாய்?

ஞாயிறு முதல் தொலைக்காட்சியில் நம் ஊரைத்தான் காட்டுகிறார்கள். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றிலும் ஆறு. கடலோரப் புன்னக்காயல்வரை எங்கும் கரையைக் காணோம். என் விதியை நானே மீறி, திங்கள் காலையிலிருந்து உன் கைப்பேசியை அழைத்துக்கொண்டிருக்கிறேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்கிறது ஒரு பெண்குரல். அவள் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்கு உன் குரல் மறந்துவிடும்போல் இருக்கிறது.

இன்று மதியம் அத்தான் வழி கிடைத்து வீட்டுக்குப் போயிருக்கிறார். ஜன்னல் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டிலும் யாரும் இல்லை. கொட்டகைக் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே வண்டி இல்லை என்றார்.

வண்டி இல்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. இதை எழுதுவது நான்தான் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

இந்தக் கடிதம் எந்த முகவரிக்குப் போகும் என்று தெரியாமல் எழுதுகிறேன்.

அண்ணன்


பாளையங்கோட்டை,
02.01.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். டெபோரா டீச்சரின் தங்கை வீட்டில் இருக்கிறேன். தேவதாசன் அண்ணாச்சியும் சுகம். அத்தான் எங்களைக் கண்டுபிடித்து உங்களுக்குத் தகவல் சொன்னதாகச் சொன்னார். என் கைப்பேசி வீட்டுச் சேற்றில் எங்கோ இருக்கிறது. வேறு ஒன்றில் அழைத்திருக்கலாம். என் குரலைக் கேட்க விருப்பமில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

திங்கட்கிழமை விடிந்தபோது தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். நான் காப்பி போட்டு முடிப்பதற்குள் அது முழங்காலுக்கு வந்துவிட்டது. மின்சாரம் இல்லை. ஆம்புலன்ஸ் வரும் வழியெல்லாம் ஆறு. டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "சித்ரா, இவருக்கு என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டார்.

போர்வையை உருவினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி எடுத்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு நான் என்ன கொடுப்பேன் அண்ணே. அண்ணாச்சியைச் சிலிண்டரோடு பின்னிருக்கையில் சாய்த்து, டீச்சரையும் தெருமுனை வீட்டுக்காரர்கள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு, முதல் கியரிலேயே, காலை எடுக்காமல், முருகன்குறிச்சி மேடுவரை ஓட்டினேன். பானட்டுக்கு முன்னால் தண்ணீர் இரண்டாகப் பிளந்து போனது. "ஏட்டி, படகுக்கு லைசென்ஸ் எப்ப எடுத்த?" என்று கேட்டார் அண்ணாச்சி, குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்? மற்றது வீட்டில் இருந்தது. திரும்பிப் போனேன். அதை எடுத்துக்கொண்டு வரும் வழியில், ஆட்சியர் அலுவலகம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. இருக்கைவரை தண்ணீர். கயிறு கட்டிக்கொண்டு வந்த ஆட்கள் சிலிண்டரைத் தோளில் தூக்கினார்கள், என்னை இடுப்பில் கட்டி இழுத்தார்கள். வண்டியை இரண்டு நாள் அங்கேயே விட வேண்டியதாயிற்று.

கட்டை மேல் ஏற்ற மாட்டேன் என்றேன். காரணத்தை எழுதாமலே இருந்துவிட நினைத்தேன். ஆனால் வண்டி இல்லை என்றதும் உயிர் வந்தது என்று நீங்கள் எழுதிய கடிதத்தை அத்தான் கொண்டுவந்து கொடுத்தார். கருங்கற்களையும் அவர் இன்னும் வைத்திருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மூச்சு முட்டிய அன்று எந்த வண்டியும் வரவில்லை. அது எல்லோரும் ஒருவரை ஒருவர் கண்டு ஒதுங்கிய காலம். தேவதாசன் அண்ணாச்சி ஒருவர்தான் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "அம்பாசடர் இருக்குல்லா, நான் ஓட்டுதேன்" என்றார். போர்வையின் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கி, இருவருமாக அப்பாவைத் தாங்கிப் பின்னிருக்கையில் உட்காரவைத்தோம். அண்ணாச்சி ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் இறங்கி, போர்வையை முழுவதும் உருவிக் குனிந்து பார்த்தார். வண்டி கட்டைகள் மேல் நிற்பது அதுவரை எனக்கும் தெரியாது.

நான் ஆட்டோ தேடித் தெருவுக்கு ஓடினேன். கிடைத்துத் திரும்பி வந்தபோது நேரமாகிவிட்டது. அப்பா அந்த இருக்கையிலேயேதான் போனார். அவர் கடைசியாகப் பேசியது அண்ணாச்சியிடம். கண்ணாடி வழியாகப் பானட்டைப் பார்த்து, "குமரன் வண்டிய எப்படி வச்சிருக்கான் பாத்தீரா வே, புதுசு மாதிரி" என்றாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது என்று அண்ணாச்சி சொன்னார்.

உடலை மறுநாள்வரை வைக்க அனுமதி இல்லை. உங்களுக்காகக் காத்திருக்கவில்லை என்று தெரிந்தால், வண்டி இருந்தும் ஏன் கொண்டுபோகவில்லை என்பதுவரை பேச்சு வளர்ந்து, பழி உங்கள்மேல் விழும். அண்ணன் சம்மதித்துவிட்டான் என்றேன். பேச்சு அங்கே நின்றது. மறு மாதமே மகாராஜனிடம் போனேன். அண்ணாச்சி வரவும் முடியாத நாள் ஒன்று வரலாம் இல்லையா.

இது உங்களைக் குற்றம் சொல்ல இல்லை. அந்தப் போர்வையும் கட்டையும் பேட்டரியும் நீங்கள் வண்டியை எவ்வளவு விரும்பினீர்கள் என்பதற்கு அடையாளம். அப்பா அதைத்தான் பார்த்தார்.

இப்போது ஒரு யோசனை கேட்க வேண்டும். வண்டியை இழுத்து வந்து, உங்கள் முதல் கடிதத்தின்படியே இருட்டான கொட்டகையில் நிறுத்தி, அலி அஸ்கர் தைத்ததைத் துவைத்துப் போர்த்தியிருக்கிறேன். சங்கிலிபூதத்தான் என்ற மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துக் கழுவிவிட்டார். ஓடும் என்கிறார். ஆனால் இருக்கைகளில் பச்சையாகப் பூஞ்சை ஏறுகிறது. கதவு உள்தகடுகளில் துரு. நாளுக்கு நாள் பரவுகிறது. நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

மதினிக்கு அன்பு.

உங்கள் தங்கை,
சித்ரா


நாகபுரி,
11.01.2024

தங்கச்சி சித்ராவுக்கு,

நீ சுகமா? தேவதாசன் அண்ணாச்சி சுகமா? டெபோரா டீச்சர் சுகமா? உன் கடிதம் வந்து சில நாட்களாகின்றன. பதில் எழுத முடியவில்லை. சங்கரியிடமும் அதைக் காட்டவில்லை. நேற்றுத்தான் படிக்கக் கொடுத்தேன்.

வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வேறெதையும் இந்தக் காகிதம் தாங்காது.

இருட்டிலிருந்து அதை உடனே வெளியே எடு. போர்வையை நீக்கு. மரநிழலோ கூரையோ இல்லாத வெட்டவெளியில், மேற்கு நோக்கி நிறுத்து. நான்கு கதவுகளையும், பானட்டையும், டிக்கியையும் திறந்து வை. இருக்கைகளைக் கழற்றி, தனித்தனியே சாய்த்து வெயிலில் போடு. கால்மிதி, கதவு உறைகள், கூரைத்துணி, எதையும் மறைக்காதே. தை மாத வெயில் காட்டமாக இருக்காது, ஆனால் நாளெல்லாம் அடிக்கும். அது போதும். ஈரம் முழுவதும் போகும்வரை அப்படியே இருக்கட்டும்.

சிவப்பு மங்கும். அடுத்த கோடைக்குள் பானட் வெளிறிவிடும். மங்கட்டும்.

சாவிகள் இரண்டும் உன்னிடமே இருக்க வேண்டும். உரிமைப் பதிவை உன் பெயருக்கு மாற்றக் கையெழுத்திட்ட தாள்களை அத்தானுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தக் கருங்கற்களை ஆற்றில் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் எனக்கு உன்மீது கோபம் உண்டு. தண்ணீர் ஏறுவது தெரிந்தும் இரண்டாம் முறை தனியாகத் திரும்பிப் போனாய். அதை நேரில் கேட்பேன். முதல் கியரில், காலை எடுக்காமல், ஆறு பேரை ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் வண்டியோட்டிய ஒருத்தியிடம் எந்தக் குரலில் கோபப்படுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் முடிந்து இருபத்தோராம் தேதி ரயிலில் நானும் சங்கரியும் வருகிறோம். காலை பத்து மணிக்கு ரயில் திருநெல்வேலி ஜங்ஷனில் நிற்கும். ஆட்டோ வைத்துக்கொள்ள மாட்டோம். பூதத்தான் அதற்குள் நம் வண்டியை ஓடவைத்துவிட்டால் நீ எடுத்து வா. வழியில் எங்காவது நின்றுபோனாலும் பதறாதே. நிலையத்துக்கு வெளியே, வெயிலில்தான், நான் நின்றுகொண்டிருப்பேன். எவ்வளவு நேரமானாலும் நீ வரும்வரை காத்திருப்பேன்.

உன் அண்ணன்,
குமரன்